ஒன்பது பார் எங்கே அளக்கப்படுகிறது? வீட்டு எஸ்பிரெஸ்ஸோ இயந்திரத்தின் பம்ப் அழுத்தம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் காப்பி என்றால் பல வீடுகளில் இன்றும் கருப்பட்டிக் காப்பியும் சுக்குக் காப்பியும்தான். மேற்கே விளவங்கோடு, கல்குளம் பக்கம் போனால் காப்பியைவிடச் சாயாவுக்கே மதிப்பு அதிகம். ஆனாலும் வளைகுடா நாடுகளிலிருந்து விடுமுறைக்கு வருபவர்களின் பெட்டிகள் வழியாகவும் இணைய அங்காடிகள் வழியாகவும் வெந்நீரை அழுத்தத்தோடு தூளின் ஊடே செலுத்திக் காப்பி இறக்கும் எஸ்பிரெஸ்ஸோ இயந்திரம் இங்குள்ள சமையலறைகளுக்குள் மெல்ல நுழைந்துகொண்டிருக்கிறது. அதன் அட்டைப்பெட்டியில் பெரும்பாலும் ‘15 பார்’ என்று பம்பின் அழுத்தத்தைக் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். சிலவற்றில் ‘20 பார்’ என்றுகூட இருக்கும். வாங்கியவர் சற்று விசாரித்துப் பார்த்தால் எஸ்பிரெஸ்ஸோவுக்கு வேண்டியது 9 பார்தான் என்று தெரியவருகிறது. அப்படியானால் மிச்சமுள்ள 6 பார் எங்கே போகிறது, அதனால் காப்பி கெடுகிறதா, குறைக்க வேண்டுமா என்ற கேள்விகள் அடுத்தடுத்து எழுகின்றன.

இரண்டு எண்களுமே பொய்யல்ல. அவை இயந்திரத்தின் வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு நிலைகளில் எடுக்கப்பட்ட அளவுகள். எந்த இடத்தில், நீர் ஓடும்போதா நிற்கும்போதா என்று சொல்லாத அழுத்த எண்ணுக்கு அனேகமாகப் பொருளே இல்லை. இது பிடிபடாமல் ஸ்பானரைக் கையில் எடுப்பவர்கள்தான் நன்றாக இருந்த இயந்திரத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

முதலில் 9 பார் என்பது எவ்வளவு என்று பார்க்கலாம். ஒரு பார் என்பது ஏறத்தாழ 10.2 மீட்டர் உயரமுள்ள நீர்த்தம்பம் தன் அடியில் தரும் அழுத்தம். நாளிதழ்களில் பேச்சிப்பாறை அணையின் நீர்மட்டத்தை 48 அடிக் கணக்கில் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்லலாம்: 48 அடி ஆழ நீரின் அடியில் உள்ள அழுத்தம் 1.4 பார் மட்டுமே. கன்னியாகுமரிக் கடலில் நிற்கும் 133 அடித் திருவள்ளுவர் சிலையின் உயரத்துக்கு ஒரு குழாயில் நீரை நிறுத்தினால், அதன் அடியில் கிட்டத்தட்ட 4 பார் கிடைக்கும். 9 பாருக்கு அந்தச் சிலையைப்போல் இரண்டேகால் மடங்கு உயரம் வேண்டும். வீட்டுப் பிரஷர் குக்கரின் வெயிட் தூக்கும் அழுத்தம் ஏறத்தாழ 1 பார். காருக்குக் காற்றடிப்பவர் ‘முப்பத்திரண்டு’ என்று வைப்பது 2.2 பார். பித்தளை ஃபில்டரில் டிகாக்ஷன் இறங்குவதோ, மேலே நிற்கும் ஒரு சாண்கூட இல்லாத வெந்நீரின் எடையால் மட்டுமே. அது ஒரு பாரில் நூறில் ஒரு பங்கு அளவு. ஆகவே ஃபில்டர் காப்பிக்கும் எஸ்பிரெஸ்ஸோவுக்கும் இடையில் அழுத்தத்தில் சுமார் 900 மடங்கு வேறுபாடு இருக்கிறது.

இந்த 9 என்ற எண் வானத்திலிருந்து விழுந்ததல்ல. இத்தாலியில் 1901-இல் லூயிஜி பெட்ஸேரா காப்புரிமை பெற்ற இயந்திரம் நீராவியின் அழுத்தத்தில் இயங்கியது. அதனால் ஒன்றரை, இரண்டு பாருக்கு மேல் போக வழியில்லை. அக்கிலே காஜியா 1938-இல் பெற்ற காப்புரிமையும், போருக்குப் பின் அவர் சந்தைக்குக் கொண்டுவந்த ஸ்பிரிங் நெம்புகோல் இயந்திரமும்தான் நீராவியை விட்டுவிட்டு வெந்நீரையே அழுத்தும் வழியைத் திறந்தன. காப்பியின் மேல் பொன்னிற நுரையாக நிற்கும் க்ரெமா அப்போதுதான் தோன்றியது. 1961-இல் ஃபேமா நிறுவனம் வெளியிட்ட ஈ61 இயந்திரம் கைப்பலத்துக்குப் பதிலாக மின்மோட்டார் பம்பைப் பயன்படுத்தி, இடையறாமல் 9 பார் தந்தது; அதன்பின் உலகம் முழுவதும் அந்த எண்ணே வழக்காகிவிட்டது. இத்தாலிய தேசிய எஸ்பிரெஸ்ஸோ நிறுவனமும் தன் வரையறையில் 7 கிராம் தூள், 25 நொடி, 25 மில்லிலிட்டர் ஆகியவற்றோடு 9 பார், அதில் ஒரு பார் கூடலாம் குறையலாம் என்றே வைத்திருந்தது. இன்று 6 பாரில் இறக்கிச் சுவைப்பவர்களும் இருக்கிறார்கள். எனவே 9 என்பதை வேதவாக்காக அல்லாமல், நெடுநாள் பழக்கத்தில் நிலைபெற்ற ஒரு நல்ல தொடக்கப்புள்ளியாகக் கொள்வதே சரி.

அடுத்தது, பெரும்பாலான குழப்பங்களுக்கு வேரான செய்தி. பம்ப் அழுத்தத்தை உண்டாக்குவதில்லை. நீரைத் தள்ளுவது மட்டுமே அதன் வேலை. தள்ளப்படும் நீருக்கு எதிரே தடை இருந்தால்தான் அழுத்தம் பிறக்கிறது. தோட்டத்து ஓஸின் வாயைக் கட்டைவிரலால் மூடும்போது விரலில் உணரும் அழுத்தம் அந்த விரலால் வந்ததே தவிர, மோட்டார் திடீரென்று வலுப்பெற்றதால் வந்ததல்ல. எஸ்பிரெஸ்ஸோ இயந்திரத்தில் அந்தக் கட்டைவிரலின் வேலையைச் செய்வது இறுக்கி அமர்த்திய காப்பித்தூள். தூள் இல்லாமல் பம்பை ஓட்டினால், அழுத்தம் காட்டும் கருவியான கேஜின் முள் ஏறக்குறையப் பூஜ்யத்திலேயே கிடக்கும். தூள் கொரகொரப்பாக இருந்தால் 4, 5 பாருக்கு மேல் ஏறாது. ‘என் இயந்திரத்தில் அழுத்தம் வரவில்லை’ என்று சொல்பவர்களில் பலருக்குப் பம்பில் ஒரு குறையும் இருக்காது, கடையில் ஃபில்டருக்கென்று அரைத்த தூளைப் போட்டிருப்பார்கள். அதில் சிக்கரியும் கலந்திருந்தால் அழுத்தத்தைப் பற்றிப் பேசுவதிலேயே பயனில்லை.

வீட்டு இயந்திரங்களில் பெரும்பாலும் இருப்பது அதிர்வு பம்ப். கைக்கு அடங்கும் அளவுள்ள ஒரு மின்காந்தச் சுருள், அதற்குள் முன்னும் பின்னும் ஓடும் ஒரு சிறிய பிஸ்டன், அதைத் தாங்கும் ஸ்பிரிங், ஒரு டையோடு ஆகியவைதான் அதன் முக்கிய உறுப்புகள். மாறுமின்னோட்டத்தின் ஒரு பாதியை டையோடு தடுத்துவிடுவதால், ஒரு பாதியில் காந்தம் பிஸ்டனை இழுக்கிறது, மறுபாதியில் ஸ்பிரிங் அதைத் திருப்பித் தள்ளுகிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பிஸ்டன் நொடிக்கு 50 முறை அடிக்கிறது. இயந்திரம் போடும் ‘டர்ர்ர்’ என்ற இரைச்சல் அதுதான். எதிர்ப்பே இல்லாதபோது இந்தப் பம்ப் மிக அதிகமான நீரைத் தள்ளும். எதிர்ப்புக் கூடக்கூட நீரின் அளவு குறைந்துகொண்டே போய், ஓர் எல்லையில் நீர் நகராமல் நின்றுவிடும். வீட்டு இயந்திரங்களில் பரவலாகக் காணப்படும் இத்தாலியின் உல்கா பம்ப் வகை ஒன்றுக்கு அந்த எல்லை ஏறத்தாழ 15 பார். அட்டைப்பெட்டியில் அச்சிட்டது இந்த எண்ணையே. அதாவது, ஒரு சொட்டுக்கூட வெளியேறாதபோது பம்ப் எட்டக்கூடிய உச்சம் அது. காப்பி இறங்கும்போது கிடைப்பதல்ல. ஒரு லாரியின் விளம்பரத்தில், எவ்வளவு பாரம் ஏற்றினால் அது நகராமல் நிற்கும் என்று பெருமையாக அச்சிடுவதைப் போன்றது இது என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

இந்த உச்சத்தைக் கட்டுக்குள் வைப்பதற்காகத்தான் மிகை அழுத்த வால்வு என்ற சிறிய பித்தளை உறுப்பு இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளக் குக்கரைவிட நல்ல உவமை இல்லை. குக்கரின் துளைமேல் அமர்ந்திருக்கும் வெயிட், உள்ளே ஆவியின் அழுத்தம் தன் எடையை மிஞ்சும்போது எழும்பி மிகையை வெளியேற்றிவிட்டு மீண்டும் அமர்ந்துகொள்கிறது. இங்கே வெயிட்டுக்குப் பதிலாக ஒரு ஸ்பிரிங், ஆவிக்குப் பதிலாக நீர். ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கமாக அமுக்கப்பட்டிருக்கிறதோ அந்த அழுத்தம் வரும்வரை வால்வு மூடியிருக்கும். மிஞ்சினால் திறந்து, கூடுதல் நீரை ஒரு மெல்லிய குழாய் வழியாகத் தொட்டிக்கோ பம்பின் வாயிலுக்கோ திருப்பி அனுப்பிவிடும். பம்ப் அழுத்தத்தைத் திருத்துவது என்று பேச்சுவழக்கில் சொல்வது உண்மையில் இந்த ஸ்பிரிங்கைத் தளர்த்துவதை அல்லது இறுக்குவதைத்தான். பம்பை யாரும் தொடுவதில்லை. பல நிறுவனங்கள் இந்த வால்வைத் தொழிற்சாலையிலேயே 12 பாருக்கும் 15 பாருக்கும் இடையில் வைத்து அனுப்புகின்றன. இரட்டை அடிப்பாகமும் ஒற்றை ஊசித்துளையும் கொண்ட அழுத்த பாஸ்கெட்டோடு (பாஸ்கெட் என்பது தூளைப் போடும் துளையிட்ட கிண்ணம்), எந்தத் தூளைப் போட்டாலும் நுரை வந்துவிட வேண்டும் என்ற கணக்கில் செய்யப்படும் ஏற்பாடு அது.

சாதாரண பாஸ்கெட்டில் நன்கு அரைத்த தூளைப் போடுபவருக்கு அந்த அழுத்தம் தொல்லைதான். 58 மில்லிமீட்டர் பாஸ்கெட்டின் பரப்பு சுமார் 26 சதுர சென்டிமீட்டர். 9 பாரில் அந்தத் தூள் வட்டின்மேல் விழும் விசை ஏறத்தாழ 240 கிலோ எடைக்குச் சமம்; நாஞ்சில் நாட்டுக் கணக்கில் 75 கிலோ நெல் மூட்டை மூன்றுக்கும் சற்று மேல். 12 பாரானால் அது 320 கிலோவைத் தாண்டுகிறது. தூளை அமுக்கும் டேம்பரால் நாம் கையில் கொடுப்பது 15 கிலோ அளவு என்பதை இதோடு ஒப்பிட்டால், தூள் வட்டை உண்மையில் இறுக்குவது யார் என்பது விளங்கும். அழுத்தத்தை ஏற்றினால் காப்பி அதே விகிதத்தில் வேகமாக இறங்குவதில்லை, ஏனெனில் தூளும் அதற்கேற்ப இறுகிக்கொள்கிறது. எங்காவது ஒரு மெல்லிய விரிசலோ ஓரமோ கிடைத்தால் நீர் அந்த வழியாகப் பீறிட்டுக்கொண்டு போய்விடும். அந்தத் தடத்தில் உள்ள தூள் வெந்து கசக்கும், மற்ற இடத்துத் தூள் சாரம் இறங்காமல் புளிப்பாகவே நிற்கும். ஒரே கோப்பையில் கசப்பும் புளிப்பும் சேர்ந்து வருவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். அழுத்தத்தைக் குறைத்தால் இந்தத் தவறுகள் மறைவதில்லை. நம் கைத்தவறுகளை இயந்திரம் கொஞ்சம் பொறுத்துக்கொள்கிறது.

இனி அளப்பதைப் பார்க்கலாம். தேவைப்படுவது, பாஸ்கெட்டைத் தாங்கும் கைப்பிடிப் பாகமான போர்ட்டாஃபில்டரின் அடியில், காப்பி ஒழுகும் மூக்கு இருக்கும் இடத்தில் திருகிப் பொருத்தக்கூடிய ஒரு கேஜ். ஆயத்தமாகக் கிடைக்கும் கேஜ் போர்ட்டாஃபில்டர்கள் உண்டு. ஆனால் அதை நாமே சேர்த்துக்கொள்வது இங்கே கடினமல்ல. பல போர்ட்டாஃபில்டர்களின் மூக்கு மரை மூன்றெட்டில் இன்ச், கடையில் கிடைக்கும் கேஜின் மரை பெரும்பாலும் கால் இன்ச்; இடையில் ஒரு பித்தளை ரெட்யூசரும் சிறிது டெஃப்லான் டேப்பும் போதும். நான் என் கேஜை நாகர்கோவிலில் கம்ப்ரஸர் உதிரிபாகம் விற்கும் ஒரு கடையில்தான் வாங்கினேன். 0 முதல் 16 பார்வரை காட்டும் கேஜாக இருப்பது நல்லது, ஏனெனில் இத்தகைய கேஜ்கள் தம் வீச்சின் நடுப்பகுதியில்தான் நம்பகமாக இருக்கும். 40 பார் கேஜில் 9-ஐத் தேடுவது மூட்டை நிறுக்கும் தராசில் மிளகு நிறுப்பது போலாகும். முகப்பில் கிலோ/சதுர சென்டிமீட்டர் என்று இருந்தாலும் கவலையில்லை, ஒரு பாருக்கும் அதற்கும் நூற்றுக்கு இரண்டு வேறுபாடுதான். பிஎஸ்ஐ மட்டும் இருந்தால் 130 என்பது 9 பார். ஒரேயொரு எச்சரிக்கை: குளச்சலிலோ தேங்காய்ப்பட்டணத்திலோ படகு எஞ்சினில் ஆயில் அழுத்தம் பார்த்துக் கழற்றிய பழைய கேஜை, யார் இலவசமாகக் கொடுத்தாலும், வாங்கிக் காப்பி இயந்திரத்தில் பொருத்தக் கூடாது.

கேஜின் உள்ளே இருப்பது 1849-இல் பாரிஸில் யூஜீன் பூர்தோன் காப்புரிமை பெற்ற எளிய கருவி: அரிவாள்போல் வளைந்த, தட்டையான ஒரு பித்தளைக் குழல். உள்ளே அழுத்தம் ஏறும்போது அந்த வளைவு மயிரிழை அளவு நிமிர்கிறது. அந்த அசைவைச் சிறு பற்சக்கரம் பெருக்கி முள்ளாகச் சுழற்றுகிறது. நொடிக்கு 50 முறை அடிக்கும் பம்போடு இதை இணைத்தால் முள் நடுங்கத்தான் செய்யும். முகப்புக்குள் கிளிசரின் நிரப்பிய கேஜ் என்றால் அந்த நடுக்கம் பெரிதும் அடங்கும். எனக்கு ரெட்யூசரைப் பொருத்திக் கொடுத்த மெக்கானிக், பம்ப்செட் வேலை பார்த்தே நரைத்தவர், “சார், முள்ளு ஆடி அடங்குன பொறவு பாருங்க, கேட்டியளா” என்று மட்டும் சொன்னார். அளவை முறைகளைப் பற்றி நான் படித்தவற்றில் பாதி அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடும்.

முதல் அளவு நீர் நிற்கும் நிலையில் எடுக்கப்படுவது. இயந்திரத்தை நன்கு சூடேற்றிக்கொள்ள வேண்டும். துளையற்ற பாஸ்கெட்டைப் போட்டால் நீர் கேஜுக்கே போகாது. ஆகவே சாதாரண பாஸ்கெட்டையே தூள் இல்லாமல் போட்டு, மூக்கின் வழியைக் கேஜே அடைத்திருக்கும்படி செய்ய வேண்டும். பம்பை ஓட்டியதும் முள் தயங்கித் தயங்கி ஏறும். உள்ளே சிக்கிய காற்று அமுங்குவதால் வரும் தயக்கம் அது. பத்துப் பதினைந்து நொடியில் முள் ஓரிடத்தில் நிற்கும், பின்புறத் திரும்பு குழாயிலிருந்து தொட்டிக்குள் நீர் ஒழுகும் ஓசையும் கேட்கும். அந்த ஓசை கேட்டால் வால்வு திறந்துவிட்டது என்று பொருள். முள் காட்டுவது வால்வின் அளவு. ஓசையே இல்லாமல் முள் 14, 15-இல் போய் நின்றால் வால்வு திறக்கவில்லை, அது பம்பின் உச்சம். அதிர்வு பம்ப் சீக்கிரம் சூடாகிவிடும் என்பதால் ஒரு நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டாமல், ஓட்டிய நேரம் அளவுக்காவது ஓய்வு கொடுக்க வேண்டும். போர்ட்டாஃபில்டரை உடனே கழற்றவும் கூடாது. மூன்றுவழி வால்வு உள்ள இயந்திரங்களில் பம்ப் நின்றதும் அழுத்தம் தானே வெளியேறிவிடும். அது இல்லாத மலிவு இயந்திரங்களில் முள் பூஜ்யத்துக்கு வரும்வரை காத்திருக்காவிட்டால், கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

இரண்டாவது அளவு நீர் ஓடும் நிலையில் எடுக்கப்படுவது. கோப்பையில் விழும் காப்பிக்கு நெருங்கியது இதுதான். கேஜுக்குப் பக்கத்தில் ‘T’ வடிவ இணைப்பு ஒன்றும் சிறு ஊசி வால்வும் பொருத்தி, காப்பி இறங்கும் வேகத்தில் நீரைக் கசியவிட வேண்டும். 18 கிராம் தூளுக்கு 36 கிராம் காப்பி 28 நொடியில் இறக்குபவர் என்றால், நொடிக்குச் சுமார் 1.3 கிராம் கசியவேண்டும். சமையலறைத் தராசில் ஒரு டம்ளரை வைத்து அதைச் சரிபார்க்கலாம். இப்போது முள் காட்டும் எண், முன்பு கண்டதைவிட அரை பார் முதல் ஒரு பார்வரை குறைந்திருப்பது வழக்கம். நீர் நிற்கும்போது பம்ப் தள்ளும் நீர் அனைத்தும் வால்வின் வழியே போயாக வேண்டும், அதற்கு வால்வு அகலமாகத் திறக்க வேண்டும், ஸ்பிரிங் அதிகம் அமுங்க வேண்டும். ஒரு பங்கு நீர் கோப்பைக்குப் போகும்போது வால்வுக்கு வரும் சுமை குறைகிறது, ஸ்பிரிங் சற்று நிமிர்கிறது, அழுத்தமும் இறங்குகிறது. இதனால்தான் அனுபவப்பட்டவர்கள் நிற்கும் நிலையில் ஒன்பதரை, பத்து என்று வைத்து, ஓடும் நிலையில் 9-ஐப் பெறுகிறார்கள். ஊசி வால்வெல்லாம் தேடிப்போக முடியாதவர், நிற்கும் நிலையில் 10-இல் வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம்.

இயந்திரத்தின் முகப்பிலேயே கேஜ் இருப்பவர்களுக்குத் தனிக் கேஜ் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. முகப்பிலுள்ளது பெரும்பாலும் பம்பை ஒட்டிய குழாயோடு இணைந்திருக்கும். காப்பித்தூளுக்கும் அதற்கும் இடையில் பாய்லரும், வளைவுகளும், சில இயந்திரங்களில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த துளையும் இருக்கின்றன. நீர் நகராதபோது பாஸ்கல் விதிப்படி எல்லா இடத்திலும் அழுத்தம் ஒன்றே. நீர் நகரத் தொடங்கியதும் வழியில் தடைக்கு ஒரு பங்கு செலவாகி, தூளை அடையும்போது குறைந்திருக்கும். இதிலிருந்து ஒரு நல்ல சோதனை கிடைக்கிறது. நிற்கும் நிலையில் முகப்புக் கேஜும் போர்ட்டாஃபில்டர் கேஜும் ஒன்றுக்கொன்று மாறுபட்டால், இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. ஓடும் நிலையில் மாறுபட்டால் அது இயல்பு. ஒரு பார், ஒன்றரை பார் என்று காட்டும் இன்னொரு முள் இருந்தால் அது நீராவி பாய்லரின் அழுத்தம், பம்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு நீராவி அழுத்த ஸ்விட்சைத் திருகியவரை நான் அறிவேன். அந்த ‘அவர்’ வேறு யாருமல்ல, முதல் இயந்திரம் வாங்கிய ஆண்டில் இருந்த நான்தான். பால் நுரைக்காமல் போன பிறகே தவறு தெரிந்தது.

நம் பக்கத்துச் சூழலுக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியது மின்சாரம். அதிர்வு பம்பின் வலு முழுவதும் மின்னழுத்தத்தைச் சார்ந்தது. மாலை நேரத்தில் கிராமத்து வீடுகளில் 230 வோல்ட் 200-க்குக் கீழ் இறங்கினால் பிஸ்டனின் அடி குறுகிப்போகும். அப்போதும் நீர் நிற்கும் நிலையில் கேஜ் 10 பாரையே காட்டக்கூடும், ஏனெனில் அந்த அளவை வால்வு தீர்மானிக்கிறது. பம்பின் கையிருப்பு குறைந்திருப்பது அதில் தெரியாது. நீர் ஓடும் நிலையில்தான் குட்டு வெளிப்படும். காலையில் நன்றாக இறங்கிய காப்பி அதே தூளில், அதே அளவில், இரவு ஏழு மணிக்குத் திணறினால், கிரைண்டரைத் திருகுவதற்கு முன் பிளக் பாயிண்டில் ஒரு மல்டிமீட்டரை வைத்துப் பார்ப்பது நல்லது. ஸ்டெபிலைசர் போடுபவர்கள், ஹீட்டரும் சேர்ந்து ஆயிரம் வாட்டுக்கு மேல் இழுக்கும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். குளிர்பெட்டிக்கு வாங்கிய சிறிய ஸ்டெபிலைசர் தாங்காது.

சவூதியிலிருந்து வரும் இயந்திரங்களில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. துபாய், கத்தார், ஓமன் ஆகிய இடங்களின் மின்சாரம் நம்முடையதைப்போல் 50 ஹெர்ட்ஸ். சவூதியில் 60 ஹெர்ட்ஸ். 60-க்கென்று செய்த அதிர்வு பம்ப் இங்கே நொடிக்குப் பத்து அடி குறைவாக அடிப்பதோடு, அதன் சுருள் கூடுதல் மின்னோட்டம் இழுத்துச் சூடாகவும் செய்யும். வோல்ட் ஒத்துப்போகிறது, பிளக் அடாப்டரும் கிடைக்கிறது என்பதால் இதை யாரும் பார்ப்பதில்லை. பம்பின் மேல் ஒட்டியுள்ள சீட்டில் ஹெர்ட்ஸ் எண்ணைப் படித்துப் பார்த்து, 60 மட்டும் எழுதியிருந்தால் 50 ஹெர்ட்ஸ் பம்ப் மாற்றிய பிறகே வால்வைத் தொட வேண்டும்.

திருத்தும் வேலை அளக்கும் வேலையைவிடச் சிறியது. மின்இணைப்பைக் கழற்றி, இயந்திரம் முழுதும் ஆறும்வரை காத்திருந்து, மேல்மூடியைத் திறந்தால், தொட்டிக்குத் திரும்பும் குழாய் எதிலிருந்து கிளம்புகிறதோ அதுவே வால்வு. திருகு உள்ள வகையில், முதலில் திருகின் தலையிலும் வால்வின் உடலிலும் சேர்த்து மார்க்கரால் ஒரு கோடு போட்டு, கைப்பேசியில் ஒரு படமும் எடுத்துக்கொள்ள வேண்டும். திரும்பிப்போக வழி தெரியாமல் எந்தத் திருகையும் திருகக் கூடாது. பூட்டு நட்டு இருந்தால் அதை இளக்கிவிட்டு, திருகைக் கால் சுற்று மட்டும் வெளிப்பக்கமாகத் திருகி, மீண்டும் மூடி, சூடேற்றி, அளக்க வேண்டும். உள்ளே திருகினால் ஸ்பிரிங் அமுங்கி அழுத்தம் ஏறும், வெளியே திருகினால் இறங்கும். முதல் கால் சுற்றில் கேஜ் எவ்வளவு இறங்கியது என்று தெரிந்துவிட்டால் மீதியைக் கணக்குப் போட்டுவிடலாம். மூடியைத் திறந்தபடியே இயந்திரத்தை ஓட்டிக்கொண்டு திருகுபவர்கள் உண்டு; பக்கத்திலேயே 230 வோல்ட் முனைகளும், 90 டிகிரியைத் தாண்டிய பாய்லரும், கசியக்கூடிய நீரும் இருக்கும்போது அந்த அவசரம் தேவையற்றது.

எல்லா இயந்திரங்களிலும் திருகு இருப்பதில்லை. காஜியா கிளாசிக் என்ற வீட்டு இயந்திரத்தின் பழைய வடிவங்களில் திருகைத் திருப்பலாம். 2019-இல் வந்த வடிவத்தில் வால்வைக் கழற்றி ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டும், அதற்கென்று 9 பார், ஆறரை பார் ஸ்பிரிங்குகள் தனியாக விற்கப்படுகின்றன. பாய்லருக்குப் பதிலாக, நீர் ஓடும்போதே அதைச் சூடாக்கும் மலிவான தெர்மோபிளாக் இயந்திரங்கள் பலவற்றில் பிளாஸ்டிக்காலான, திருத்த முடியாத வால்வுதான் இருக்கும். அவற்றை உடைத்துப் பார்ப்பதில் பயனில்லை. தூளைச் சற்றுக் கொரகொரப்பாக்குவதும் அளவை ஒரு கிராம் குறைப்பதும் செலவில்லாத வழி, எதிர்ப்புக் குறையும்போது அழுத்தமும் தானே குறையும். பம்புக்கு மின்விசிறி ரெகுலேட்டரைப்போல் ஒரு டிம்மரைச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். மின்வேலை தெரியாதவருக்கு அதை நான் சொல்லமாட்டேன். விலையுயர்ந்த இயந்திரங்களில் இருக்கும் சுழல் பம்பில் திருத்தும் திருகு பம்பின் பக்கவாட்டிலேயே இருக்கும். குழாய் நீரோடு நேரடியாக இணைத்திருந்தால் அந்தக் குழாயின் அழுத்தமும் பம்பின் அழுத்தத்தோடு கூடும்.

அழுத்தத்தை மாற்றிய நாளில் பழைய அரைப்பில் இறக்கிய காப்பியைச் சுவைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. 13-இலிருந்து 9-க்கு வந்த இயந்திரத்தில் காப்பி இறங்கும் வேகம் மாறியிருக்கக்கூடும். கிரைண்டரை ஓரிரு புள்ளி மாற்றி, பழைய நேரத்துக்குக் கொண்டுவந்த பிறகே வேறுபாடு தெரியும். என் அனுபவத்தில் முதலில் தெரிந்தது சுவையல்ல, ஒழுங்கு: அடுத்தடுத்து இறக்கிய மூன்று கோப்பைகளின் நேரம் ஒன்றுக்கொன்று இரண்டு நொடிக்குள் அடங்கியது, முன்பெல்லாம் எட்டு, பத்து நொடி ஓடிவிடும்.

கண்ட அளவுகளைத் தேதியோடு ஒரு சிறு சீட்டில் எழுதி மேல்மூடியின் உட்புறம் ஒட்டிவைத்தால், ஆறு மாதம் கழித்து மீண்டும் அளக்கும்போது ஒப்பிட எளிது. கிணற்று நீரும் ஆழ்குழாய் நீரும் பயன்படுத்தும் கரையோர வீடுகளில் காறை படிந்து வால்வின் இருக்கை சரியாக மூடாமல் போகும். அப்போது காப்பி இறங்கும்போதெல்லாம் திரும்பு குழாயில் நீர் கசிந்துகொண்டேயிருக்கும், கேஜ் 6, 7-க்கு மேல் ஏறாது. இதைக் கண்டு திருகை இறுக்குபவர்கள் நோயை விட்டு அறிகுறிக்கு மருந்து போடுகிறார்கள். வால்வைக் கழற்றிக் காறை நீக்கும் கரைசலில் ஊறவைத்து, ரப்பர் வளையத்தைப் பார்த்து மாட்டினாலே பழைய எண் திரும்பிவிடும். வால்வு சுத்தமாக இருந்து, திரும்பு குழாயில் ஒரு சொட்டும் வராமல், நிற்கும் நிலையிலேயே முள் 9-ஐ எட்டாமல் திணறினால் தேய்ந்தது பம்ப்தான். அதை மாற்றுவது பெரிய செலவல்ல. புதிய பம்பைப் பொருத்தியதும் திருகைத் தொடாமல் இரு நிலைகளிலும் ஒருமுறை அளந்து, பழைய சீட்டுக்குக் கீழே எழுதிவிட வேண்டும்.